வருகைப் பதிவேட்டில் இல்லாதவள்

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையை நடத்திக்கொண்டிருந்தேன். சுடுகாட்டில் பேய் ஆடுவதைக் கண்ட அச்சத்தில் சார்ங்கலன் என்னும் இளைஞன் இறந்துபோகிறான். அவன் தாய் கோதமை உடலைச் சுமந்துகொண்டு வந்து சம்பாபதித் தெய்வத்தை அழைக்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு என்கிறாள். அது ஆகாது என்கிறது தெய்வம். கோதமை விடுவதாக இல்லை. கடைசியில் சக்கரவாளத்துத் தெய்வங்கள் எல்லாரையும் வரவழைத்து, இவர்களில் ஒருவராலும் முடியாது என்று காட்டித்தான் அவளை ஏற்க வைக்க வேண்டியிருக்கிறது.

இளங்கலை மூன்றாமாண்டு வகுப்பு அது. பாதிப் பேர் கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள். சிப்காட் ஆலைகளுக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். "எங்க பைபிள்ல இயேசு உயிரோட வந்தாரு மேடம். அதை முதல்ல பார்த்ததே பொம்பளைங்கதான்." பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி சொன்னாள்: "எங்க ஊர்ல நடந்திருந்தா யாருக்குமே தெரியாமப் போயிருக்கும். பொம்பளைங்கதான் தெருமுனையிலயே நின்னுடணுமே!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மாலையில் லோக்கல் ரயிலில் உட்கார்ந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டிருந்தது. சாவின் இடத்துக்கு யார் போகலாம் என்பதைப் பொறுத்துத்தான் யார் சாட்சி ஆகலாம் என்பதும் இருக்கிறது. இத்தனை வருடம் பைபிளையும் காப்பியங்களையும் படித்த எனக்கு இது தோன்றியதில்லை.

நான் பிறப்பால் கத்தோலிக்கப் பெண். என் நம்பிக்கை வந்துபோகும் விருந்தாளி மாதிரி. சில வருடம் தங்கும், சில வருடம் எட்டிப் பார்க்காது. அம்மாவுக்காக மட்டும் உயிர்ப்புப் பெருவிழாவைத் தவறவிட்டதில்லை. பழவேற்காட்டில் மகிமை மாதா கோயில் இருக்கிறது; போர்த்துகீசியர் 1515இல் கட்டியதாகச் சொல்வார்கள். அந்த உப்புக்காற்றில் மெழுகுவத்தியை அணையாமல் பிடித்துக்கொண்டு, செத்தவர் எழுந்தார் என்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். அதற்கு என்ன சான்று என்று கேட்கத் தோன்றிய வயதில், பதில் சொல்ல யாரும் இல்லை.

நற்செய்தி நூல்கள் நான்கையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று தெரியும். உயிர்த்தெழும் கணம் எதிலுமே இல்லை. கல்லறைக்குள் என்ன நடந்தது என்று அவற்றில் ஒருவரும் எழுதவில்லை. இருப்பதெல்லாம் கல் புரண்டிருந்தது, உடல் இல்லை, பிறகு அவரைப் பார்த்தோம் என்று சிலர் சொன்னது, அவ்வளவுதான். கிறிஸ்தவ சமயத்தின் அடித்தளமே ஒரு வாக்குமூலம். அதை முதலில் சொன்னவர்கள் பெண்கள். பெயர்களில் சிறு வேறுபாடு இருக்கும். மகதலா மரியா மட்டும் நான்கிலும் இருக்கிறாள்.

அந்த வாக்குமூலத்தை முதலில் கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? சீடர்களுக்கு அது வெறும் பிதற்றலாகத் தோன்றியது, அவர்கள் நம்பவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதிவிட்டார். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய முழுப் பிரதிகள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, பெண்கள் நடுங்கி ஓடினார்கள், அச்சத்தால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்ற இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு வரும் வசனங்கள் பின்னால் சேர்ந்தவை. அந்த முடிவு பலருக்குக் குறையாகப் பட்டிருக்கிறது. எனக்கு அதுதான் மிகவும் உண்மையான இடம். சொன்னால் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, பெண்களின் சாட்சியத்தை ஏற்க வேண்டாம், அவர்களுடைய சபலபுத்தியே காரணம் என்று எழுதினார். யூதர்கள்மேல் மட்டும் பழி போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய கிரேக்க அறிஞர் செல்சஸ், பார்த்தது யார், பித்துப் பிடித்த ஒரு பெண்தானே என்று ஏளனம் செய்தார். அதற்கு ஓரிகன் எழுதிய மறுப்பு நூலின் வழியாகவே அந்த ஏளனம் நமக்குத் தெரிகிறது.

இதை வைத்துத்தான் இன்றைய சமய அறிஞர்கள் ஒரு வாதம் கட்டுகிறார்கள். கட்டுக்கதை என்றால், யாரும் மதிக்காத பெண்களையா முதல் சாட்சியாக வைத்திருப்பார்கள்? பேதுருவையோ யோவானையோ வைத்திருப்பார்களே. சங்கடம் தரும் செய்தியை ஒருவர் தானாகப் புனையமாட்டார். ஆகவே இது நடந்தது. வாதம் வலுவானதுதான். மறுப்பும் உண்டு: உடலுக்கு நறுமணத் தைலம் பூசுவது அங்கே பெண்கள் செய்த வேலை, கதை கட்டுகிறவனும் கல்லறைக்குப் பெண்களைத்தானே அனுப்புவான்? இரண்டையும் எடைபோட்டால் எனக்கு முதல் வாதத்தின் பக்கமே தட்டு தாழ்கிறது. ஆனால் அந்த வாதம் நிற்கும் தரையைக் கவனியுங்கள். பெண் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதே அதன் தரை. அவளை நம்பாததையே சான்றாக்கி, அதன்மேல் ஒரு பெரிய கட்டடத்தைக் கட்டி முடித்து, பிறகு அந்தக் கட்டடத்தில் பிரசங்க மேடை ஏற அவளுக்கு அனுமதி இல்லை என்றும் சொல்லியாயிற்று.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் நற்செய்திகளைவிடப் பழையது. ஐம்பதுகளின் நடுப்பகுதியில் எழுதப்பட்டது. அதன் பதினைந்தாம் அதிகாரத்தில், உயிர்த்தவரைப் பார்த்தவர்களின் பட்டியல் ஒன்று வருகிறது. கேபா, பன்னிருவர், ஒரே நேரத்தில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர், யாக்கோபு, திருத்தூதர் எல்லாரும், கடைசியில் நான். மகதலா மரியா இல்லை. ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. பெண்கள் கல்லறைக்குப் போன கதையே பின்னால் சேர்ந்தது என்று சொல்லும் ஆய்வாளர்கள் இந்தப் பட்டியலையும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

பதிவேட்டில் பெயர் இல்லை, ஆகவே அவள் அங்கே இல்லை. இந்த வாதத்தை நான் கிறிஸ்தவ ஆய்வு நூலில் படிப்பதற்கு முன்பே நேரில் கேட்டிருக்கிறேன்.

வகுப்பில் முதலில் எழுந்து பேசினாளே, அந்த மாணவியின் அம்மா ஓர் ஆலையில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிறவர். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். ஒருநாள் காலை, ஷெட்டின் கூரையில் தகடு மாற்ற ஏறிய ஒடிசாக்காரப் பையன் அவர் கண்ணெதிரே விழுந்தான். தலைமாட்டில் முதலில் போய் உட்கார்ந்தவர் அவர்தான். துணியைச் சுருட்டி வைத்து ரத்தத்தை அழுத்திப் பிடித்திருக்கிறார். கை மெல்ல மெல்லச் சில்லிட்டதாம். பிறகு எழுதப்பட்ட செய்தியில் அந்தப் பையன் தங்கியிருந்த அறையின் மொட்டைமாடியிலிருந்து விழுந்திருந்தான். ஆலைக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை. கேட்க வந்தவர்களிடம் இந்த அம்மா நடந்ததைச் சொன்னபோது சூப்பர்வைசர் அட்டெண்டன்ஸ் நோட்டை விரித்துக் காட்டினார். "அந்தம்மா அன்னிக்கு வேலைக்கே வரலையே." கான்ட்ராக்டர் அவர் பெயரை எழுதும் நாளும் உண்டு, எழுதாத நாளும் உண்டு. அன்று எழுதவில்லை.

"நான் அங்க இல்லைன்னா, என் புடவையில ரத்தம் எப்படி டீச்சர் வந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார். புடவையை அன்றைக்கே துவைத்துவிட்டிருந்தார். துவைக்காமல் வேறென்ன செய்வார், மறுநாளும் அதைத்தான் கட்ட வேண்டும்.

மகதலா மரியாவைப் பட்டியலில் விட்டது போதாமல், பிறகு அவள் பெயரையும் கெடுத்தார்கள். 591இல் போப் கிரகோரி தம் மறையுரை ஒன்றில், இயேசுவின் காலைக் கண்ணீரால் கழுவிய பாவிப் பெண்ணும், பெத்தானியா மரியாவும், மகதலா மரியாவும் ஒருவரே என்றார். பைபிளில் அதற்கு ஆதாரம் கிடையாது. மேற்குத் திருச்சபை அதைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பங்கில் நடக்கும் பாடுகளின் நாடகத்தில் இன்றும் அவள் தலைவிரி கோலமாக, சிவப்புச் சேலையில் வருவாள். 1969இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது ரோமாபுரி சத்தமில்லாமல் அந்தக் குழப்பத்தை விலக்கிக்கொண்டது. 2016இல் போப் பிரான்சிஸ் ஜூலை 22ஆம் நாளைத் திருத்தூதர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். நாடகத்துச் சேலை மட்டும் இன்னும் மாறவில்லை.

சாட்சி சொன்னவளின் ஒழுக்கத்தைக் கெடுத்தால் சாட்சியமும் கெட்டுப்போகும் என்பது நம் சட்டத்துக்கும் தெரிந்திருந்தது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவு: பாலியல் வன்முறை வழக்கில் புகார் சொன்ன பெண் பொதுவாக ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி அவள் சொல்லை மறுக்கலாம். அந்த வரியை நீக்க 2003 வரை ஆனது.

தோமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம்மூர்க்காரர் ஆகிவிட்டாரே. பரங்கிமலையில் கொல்லப்பட்டார், மயிலாப்பூரில் சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு லோக்கல் ரயில், ஒரு பஸ் தூரம். ஆணி பாய்ந்த தழும்பில் விரலை இட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர். பெண்கள் சொன்னதை நம்பாத மற்றச் சீடர்களுக்கு எந்தப் பட்டப்பெயரும் இல்லை, ஆண்கள் சொன்னதை நம்பாத இவருக்கு மட்டும் 'சந்தேகத் தோமா' என்று நிலைத்துவிட்டது.

காயத்தில் விரல் விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற அந்த வரி எனக்கு வேறொன்றையும் நினைவூட்டுகிறது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். வன்முறைக்கு ஆளான பெண்களின் உடலில் நடத்தப்பட்ட இருவிரல் சோதனை. அது பெண்ணின் அந்தரங்க உரிமையையும் கண்ணியத்தையும் மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. 2022இல், இனி அதைச் செய்கிறவர் நடத்தைக்கேட்டுக் குற்றத்துக்கு ஆளாவார் என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. யோவான் நற்செய்தியைக் கூர்ந்து படித்தால், தோமா தொட்டதாகவே அதில் இல்லை. இதோ என் கை, இதோ என் விலா என்று அவர் முன்வந்து காட்டினார், தோமா பணிந்துவிட்டார். விரலைக் காயத்துக்குள் நுழைத்தவர்கள் பின்னால் வந்த ஓவியர்கள்தான். கரவாஜ்ஜோ அதைத் தீட்டிய விதத்தை என்னால் அதிக நேரம் பார்க்க முடிவதில்லை.

உயிர்ப்பு எனக்குப் பொருள்படும் இடமும் அந்தக் காயம்தான். எழுந்துவந்த உடலில் ஆணித் தழும்புகள் அப்படியே இருந்தன. மரணத்தையே வென்ற உடலுக்குத் தழும்பை ஆற்றிக்கொள்ளத் தெரியாதா? சிலுவை என்பது ரோமானிய அரசு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்த தண்டனை. சட்டப்படி நடந்த கொலை. அந்தக் கொலையை இல்லாமலாக்கி அவர் எழவில்லை, அதன் தடயத்தோடு எழுந்தார். கொன்றவர்கள் எழுதிய தீர்ப்பு செல்லாது என்பதே அந்த எழுதலின் பொருள் என்று படிக்கிறேன். அப்படிப் படிக்க, கல்லறை வெறுமையாக இருந்ததா என்ற கேள்விக்கு முடிவு வரும்வரை நான் காத்திருக்க வேண்டியதில்லை. பார்த்தேன் என்று ஒரு பெண் சொன்னாள், பின்வாங்கவில்லை. அது வரலாறு. அதற்கு மேல் போவது நம்பிக்கை. அது அவரவர் பாடு.

வாச்சாத்தியை நினைத்துக்கொள்கிறேன். தருமபுரி மாவட்டத்து மலையடிவாரக் கிராமம். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டையைத் தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். பழங்குடிப் பெண்கள் சொன்னதை அரசு மறுத்தது. உயர் நீதிமன்றம் 1995இல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருடம். அந்தப் பெண்கள் எத்தனை முறை, எத்தனை பேர் முன்னால் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பார்கள்! எரிந்தும் இடிந்தும் காலியாகக் கிடந்த ஊர் அது. அந்த ஊருக்குத் திரும்பிப் போய் அடுப்பு மூட்டியவர்களும் அவர்கள்தான்.

உயிர்ப்பு ஞாயிறு பகல் திருப்பலியில் எந்த வாசகம் வரும் என்று கவனித்திருக்கிறீர்களா? யோவான் இருபதாம் அதிகாரம், ஒன்று முதல் ஒன்பது வரை. மரியா ஓடிவந்து சொல்கிறாள், பேதுருவும் இன்னொரு சீடரும் ஓடிப்போய்ப் பார்க்கிறார்கள், அங்கே நிறுத்திவிடுவார்கள். அவள் கல்லறையருகே நின்று அழுததும், எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்று நினைத்ததும், மரியா என்று பெயர் சொல்லி அழைத்தபோது அடையாளம் கண்டதும், போய்ச் சொல் என்று அனுப்பப்பட்டதும் செவ்வாய்க்கிழமை வாசகத்தில்தான் வருகின்றன. அப்போதும் வாசிக்கிற குரல் ஆண்குரல்தான். திருப்பலியில் நற்செய்தியை வாசிக்கப் பெண்ணுக்கு இடமில்லை. தென்னிந்தியத் திருச்சபை 2013இல் புஷ்பலலிதாவை நந்தியால் பேராயராக்கியது. எங்கள் சபைக்கு அந்த அவசரமெல்லாம் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை சிப்காட் பெண்கள் ஆறுமணி ஷிப்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களுடைய கதையை அவர்கள் இல்லாத கோயிலில் வாசிப்போம்.

இந்த ஆண்டு அந்தச் செவ்வாய் வாசகத்தை அச்செடுத்து, மாணவியிடம் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன். அவர்கள் பெந்தகொஸ்தே சபைக்காரர்கள்; கதை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாராம்: "பொழுது விடியறதுக்கு முன்னாடி இருட்டுல தனியாப் போயிருக்காளே, அவளுக்குப் பயமா இல்லியா?"

இறந்த பையனின் குடும்பத்துக்காக இழப்பீட்டு வழக்கு போட்டிருக்கிறார்கள். வழக்கறிஞர் இவரைச் சாட்சியாகச் சேர்த்திருக்கிறார். மகள் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறாள்: கிழமை, மணி, பையன் போட்டிருந்த சட்டையின் நிறம், யார் யார் ஓடிவந்தார்கள், தண்ணீர் கொடுத்தது யார். நான்கு பக்கம். எழுதியதை அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டு, ஓர் இடத்தில் திருத்தினார். நீலச் சட்டை இல்லை, சாம்பல்.

விசாரணை அடுத்த மாதம், சென்னையில். அன்றைக்குக் கூலி போகும். அதற்கடுத்த நாள் வேலை இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. நானும் கூட வருகிறேன் என்றேன். "வாங்க டீச்சர், காலையில ஆறே கால் வண்டி" என்றார்.