தன் வீடும் பிறர் வீடும்

நிக்காஹ் என்றால் என்ன என்று நம்மில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் கிதாபைப் புரட்டிப் பதில் சொல்லமாட்டார். தம் வீட்டை நினைத்துத்தான் சொல்லுவார். மனைவியோடு மனமொத்து வாழ்ந்தவர் அதை ரஹ்மத் என்பார். கசந்துபோனவர் தலைவிதி என்பார். இரண்டும் அவரவர் வீட்டளவில் உண்மையே. அந்த உண்மையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் காரியத்திற்குத் தீர்ப்புச் சொல்லப் புகும்போதுதான் வம்பு வருகிறது.

காரைக்குடி, இளையான்குடிப் பக்கத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. முன்பு பர்மா, மலாயா. பிறகு அரபு நாடுகள். சபராளி வீடு இல்லாத தெரு அபூர்வம். இரண்டு வருடம் வேலை, இரண்டு மாதம் லீவு என்று போய் வந்தவரின் கணக்கைப் போட்டால், 20 வருட இல்லறத்தில் கணவனும் மனைவியும் ஒரு கூரையின் கீழ் இருந்தது சுமார் ஒன்றரை வருடம்! அந்தத் தாய்க்கு நிக்காஹ் என்பது மாதம் தவறாத பணமும், கட்டி முடித்த வீடும். அதில் அவர் நிறைவு கண்டிருந்தால் குறை சொல்ல நாம் யார்? ஆனால் காலேஜில் படித்த மகள், பணம் அனுப்புகிற மாப்பிள்ளை வேண்டாம், கூட இருக்கிற மாப்பிள்ளை போதும் என்கிறாள்.

“நான் இருக்கலியா?” என்கிறார் தாய்.

“நீங்க இருந்ததப் பாத்துத்தாம்மா சொல்றேன்.”

ஹழரத் உமர் (ரலி) அவர்கள் முன்னும் இந்தக் கேள்வி வந்தது. போருக்குச் சென்ற கணவனை நினைத்து ஒரு பெண் இரவில் புலம்பியதை அவர்கள் கேட்டார்கள். கலீஃபா அல்லவா, தம் அனுபவத்தைக் கொண்டே ஒரு முடிவு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் போய், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எத்தனை மாதம் பொறுப்பாள் என்று கேட்டார்கள். தகப்பன் மகளிடம் கேட்கக் கூசும் கேள்விதான். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. படைவீரர்களின் தவணை அதன்படியே வகுக்கப்பட்டது.

கசந்தவரின் தீர்ப்பையாவது கேட்பவர் சற்று ஐயத்தோடு கேட்பார். இன்புற்றவரின் தீர்ப்பு அப்படியல்ல. பள்ளிவாசலில் பைஸல் பேச உட்காரும் பெரியவருக்கு நல்ல மனைவி வாய்த்திருந்தால், “பொறுத்துப் போம்மா, எல்லாம் சரியாகிவிடும்” என்பது அவர் வாயில் தானாக வருகிறது. அவர் வீட்டில் சரியாயிற்று. எதிரே நிற்பவளின் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கணவனால் கைவிடப்பட்ட பெண்களின் துயரைக் கண்டுதான் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி போன்ற ஹனஃபி உலமாக்களே மாலிக்கி மத்ஹபின் தீர்ப்பைக் கைக்கொள்ள வழிவிட்டார்கள். 1939-இல் மணமுறிவுச் சட்டமும் வந்தது.

பெருமானார் (ஸல்) அவர்களைவிட இல்லற இன்பத்தை அறிந்தவர் யார்? அன்னை கதீஜா (ரலி) மறைந்த பின்னும் ஆடு அறுத்தால் அவர்களின் தோழியருக்குப் பங்கு போகும். பத்ருப் போருக்குப் பின், சிறைப்பட்ட தம் கணவரை மீட்க மகளார் ஜைனப் (ரலி) ஒரு கழுத்துமாலையை அனுப்பினார்கள். அது கல்யாணத்தின்போது அன்னை கதீஜா (ரலி) மகளுக்கு அணிவித்த மாலை. அதைக் கண்டதும் நபியவர்களின் மனம் இளகிவிட்டது.

அத்தகைய நபியவர்கள் முன்னால்தான் பரீரா (ரலி) நின்றார்கள். அடிமைத்தளை நீங்கியதும், கணவர் முகீஸோடு சேர்ந்திருப்பதா பிரிவதா என்று தெரிந்தெடுக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது; பிரிந்தார்கள். முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டு மதீனத்துத் தெருக்களில் அவர்கள் பின்னாலேயே திரிந்தார். நபியவர்கள் இரங்கி, அவரிடம் திரும்பிப் போகலாமே என்றார்கள். இது கட்டளையா என்று கேட்டார்கள் பரீரா. இல்லை, பரிந்துரைதான் என்று பதில் வந்தது. அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நபியவர்கள் வற்புறுத்தவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) பரீராவைப் பற்றி அறிவிக்கும் ஹதீஸில் இன்னொன்றும் வருகிறது: பரீராவுக்கு தர்மமாகக் கிடைத்த இறைச்சி, அவரிடமிருந்து நமக்கு அன்பளிப்பு என்று கூறி நபியவர்கள் அதை உண்டார்கள்.