போலிச் சுருளும் பொய்யுரையும்

பொய்யாமை, இல்லறத்தார் மேற்கொள்ளும் அணுவிரதங்கள் ஐந்தனுள் ஒன்று. ஆயினும், நோயுற்றவரைத் தேற்றுவதற்காகச் சொல்லும் பொய்யும் குற்றமாகுமோ என்னும் ஐயம் பல இல்லங்களில் எழுவதுண்டு. அண்மையில் நம் முன்னும் அவ்வினா வந்து நின்றது.

திருவில்லிபுத்தூர்ப் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகளை உடையது பிளவக்கல். அங்கே தென்னந்தோப்பு வைத்துள்ள முதியவர் ஒருவருக்குப் பக்கவாதத்தால் இடக்கை செயலிழந்தது. நம்மிடம் பயின்றவரான அவர் மகன் ஒருநாள் நம்மைத் தேடி வந்தார். "டீச்சர், காந்தக் கருவி வைத்துக் கையை முழுதும் குணமாக்குவோம் என்று ஒரு நிலையத்தில் சொல்கிறார்கள். தோப்பில் பாதியை விற்றால் பணம் கட்டிவிடலாம். பலிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நிச்சயம் பலிக்கும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்" என்றார்.

அக்கருவி மாயமன்று. மாறும் காந்தப் புலம் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்ததை நாம் வகுப்பில் கற்பித்திருக்கிறோம். அதே நெறியில், 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவர்தம் குழுவினரும், தலைமேல் வைத்த கம்பிச்சுருளால் அறுவையின்றியே மூளையைத் தூண்டிக் காட்டினர். மூளையின் ஒரு பாதி பழுதுற்றால், நலமாயுள்ள மறுபாதி அதனை மேலும் அடக்கக்கூடும். அவ்வடக்குமுறையைக் காந்தத் துடிப்பால் தணித்தால் கை மீளலாம் என்பது மருத்துவர்தம் கருத்து.

கருத்து நன்று; ஆயின் சோதனை வேண்டுமன்றோ? அமெரிக்காவில் 199 நோயாளரிடம் நடைபெற்ற ஆய்வொன்றின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு மெய்யான தூண்டல்; மறுசாராருக்குப் போலிச் சுருள். கைப்பயிற்சி இரு சாராருக்கும் உண்டு. ஆறு திங்களுக்குப்பின் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டோர், மெய்ச்சுருள் பெற்றோரில் நூற்றுக்கு 67 பேர். போலிச்சுருள் பெற்றோரில் 65 பேர். வேறு சிறு ஆய்வுகள் சில நம்பிக்கை தந்துள்ளன, தேடலும் தொடர்கிறது. எனினும், "முழுதும் குணமாகும்" என்று உறுதி கூற இன்று எவருக்கும் உரிமையில்லை.

ஈண்டு ஒரு வியப்பைக் காண்க. போலிச்சுருளை வைத்த ஆய்வாளர் பொய்யர் அல்லர். இரண்டில் ஒன்று கிடைக்கும், எது என்பது தெரியாது என்று முன்னரே உரைத்து, இசைவு பெற்றே இத்தகைய ஆய்வுகள் நடைபெறுகின்றன. மெய்யான கருவியை வைத்துக்கொண்டு, அது தாராத பயனைத் தரும் என்று உறுதி கூறுவோரே பொய் உரைக்கின்றனர். பொய் கருவியில் இல்லை, சொல்லில் இருக்கிறது.

"பிறருக்குத் துன்பம் விளைக்கும் மெய்யையும் சொல்லலாகாது என்பது சமந்தபத்திரர் வகுத்த நெறியன்றோ?" என அன்பர்கள் வினவலாம். ஆம். ஆனால் அது கொடிய சொல்லைத் தடுப்பது. இனிய பொய்யை அனுமதிப்பதன்று. பொய்ந்நம்பிக்கையின் பின்விளைவை எண்ணுக. தோப்புப் போகும், கருவி வந்து குணமாக்கும் என்று காத்திருந்து பயிற்சி தளரும், கை மீளாவிடில் தம்மீதே குறையென்று முதியவர் மனம் நோவார். இதனினும் பெரிய இம்சை எது?

கடுமையான மெய்க்கும் இனிய பொய்க்கும் இடையே மூன்றாவது வழி உண்டு. அறிந்ததை அறிந்தவாறும், அறியாததை அறியாததாகவும் அன்போடு சொல்லுதலே அது. அவ்வாறே மகன் தந்தையிடம் சொன்னார். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தோப்பை விற்க வேண்டாம், பயிற்சி சொல்லித் தருபவரை வரச்சொல்" என்றார்.

அவ்விடக்கை இன்னும் தேங்காய் உரிக்கவில்லை, தம்ளரைப் பற்றுகிறது. நாளை மேலும் தேறுமோ, நாம் அறியோம். ஆனால் அவ்வில்லத்தில் இன்று ஒருவரையொருவர் நம்பலாம்.