கன்னத்தில் அடக்கிய புகையிலை



பௌர்ணமிதோறும் நாம் பஞ்சசீலம் ஓதுகின்றோம். ஐந்தாம் சீலத்தை ஓதி முடித்துப் படியிறங்கியதும் மடியிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை எடுக்கும் கைகள் நம்மில் எத்தனை! விலக்கப்பட்டவை கள்ளும் சாராயமும் அன்றோ, புகையிலை எங்கே சொல்லப்பட்டது என்று வினவுவோரும் உளர். புகையிலை போர்த்துகீசியர் கொண்டுவந்த பொருள். புத்தர் பெருமான் காலத்தில் இந்நாட்டில் இல்லை. இல்லாததைப் பெயர் சொல்லி விலக்குவது எங்ஙனம்?

ஆயினும் ஏசுதற்கு நாம் வரவில்லை. ஏசும் தகுதியும் நமக்கில்லை. பம்பாய்ப் பஞ்சாலையில் உழைத்த நாளில் நாமும் கன்னத்தில் அடக்கியவரே. ஆலைக்குள் பீடி பற்றவைத்தல் ஆகாது. ஒரு பொறி போதும், பஞ்சுத்தூசி பற்றிக்கொள்ளும். இயந்திர இரைச்சலில் பேச்சுத்துணையும் இல்லை. இரவு ஷிப்டில் உறக்கம் கண்ணை அழுத்தும். சோற்று வேளைக்கு முன்பே பசி வந்துவிடும். இத்தனைக்கும் மருந்தென்று ஒரு மேஸ்திரி நம் உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துத் தேய்க்கக் கற்பித்தார். அன்பினால்தான் கற்பித்தார். சுண்ணாம்பு சேர்ந்தால் நிகோட்டின் என்னும் நஞ்சு விரைந்து இரத்தத்தில் ஏறும் என்பதை அவரும் அறியார், நாமும் அறியோம். நம் மகளிர் பலர் மிஷ்ரி என்னும் வறுத்த புகையிலைப் பொடியால் பல் துலக்கப் பழகியதும் அண்டை வீட்டாரைப் பார்த்தே.

சார்பின்றி எதுவும் தோன்றுவதில்லை என்றார் ததாகதர். சார்பை விட்டுவிட்டுப் பொட்டலத்தை மட்டும் பறித்தால் என்னாகும்? 2012 முதல் பல மாநிலங்கள் குட்காவைத் தடை செய்தன. பாக்குத்தூள் ஒரு பொட்டலமாகவும் புகையிலை மற்றொன்றாகவும் கடையில் தொங்கின. 2009-10இல் வயது வந்தோரில் 100க்கு ஏறத்தாழ 26 பேர் புகையில்லாப் புகையிலை கொண்டனர். 2016-17இல் 21 பேர். குறைந்தது மெய். ஐவரில் ஒருவர் என்பது சிறு தொகையோ?

அந்த மேஸ்திரி பாக்கும் சேர்த்து மென்றவர். பாக்கு தனித்தே புற்றுநோய் விளைவிக்கும் என்பது 2004இல் உலக அறிஞர் கண்ட முடிபு. முதலில் அவர் வாய் இரு விரல் நுழையாதபடி இறுகிற்று, பின்னர்ப் புண், பின்னர் மருத்துவமனை. காணச் சென்றோம். பேசவியலாத அவர் நம் சட்டைப்பையைச் சுட்டிக் கைகூப்பினார். பையில் பொட்டலம் இருந்தது. இரு திங்களில் அவர் மறைந்தார்.

உடனே விட்டோமா? இல்லை. பொய் சொல்வானேன், மூன்று முறை விட்டு மூன்று முறை தொட்டோம்.

கோசல மன்னன் பசேனதி பெருங்கலம் நிறைந்த சோறுண்டு மூச்சிரைக்கப் பகவானிடம் வந்தான். பகவான் கடிந்தாரில்லை, அளவறிந்து உண்பதன் நன்மையை ஒரு பாட்டாகச் சொன்னார். அருகில் நின்ற சுதர்சனன் என்னும் இளைஞனை மன்னன் அழைத்து, நாள்தோறும் நாம் உண்ணும்போது இதனை ஓது, நூறு காசு தருவோம் என்றான். படிப்படியாக அவன் உணவு ஒரு நாழியளவுக்கு இறங்கிற்று. அரசனுக்கே அருகில் ஒருவன் வேண்டியிருந்தது!

நமக்கு எட்டு வயது மகள் சுதர்சனன் ஆனாள். பொட்டலத்தைத் தொடும்போதெல்லாம் சுவரில் கரிக்கோடிடுவாள். முதல் நாள் பதினொன்று. கோடில்லாத நாள் வர ஏழு திங்கள் ஆயின.

வரும் பௌர்ணமிக்கு வருவோர் பொட்டலத்தை மறைக்க வேண்டா. வீட்டுச் சிறுவர் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். அவர்கள் நூறு காசு கேட்கமாட்டார்கள். கடலை மிட்டாய் போதும்.