கஞ்சியும் காக்கியும்

காற்சட்டையின் மடிப்பு கத்தி முனைபோல் நிற்கிறது! சட்டைக் கையின் மடிப்பில் விரல் பட்டால் அறுத்துவிடுமோ என்று அச்சம் பிறக்கிறது! வீரகேரளம்புதூரில் வட்டாட்சியர் அலுவலகத்துக் கொடியேற்றமாகட்டும், சென்னைக் கடற்கரையில் குடியரசு நாள் அணிவகுப்பாகட்டும், விறைப்பான சீருடை வருகிறது, கூட்டம் விலகி வழிவிடுகிறது. வழிவிட்டது மனிதருக்கா, மடிப்புக்கா? கூட்டத்தைக் கேட்டால் அதற்கே விளங்காது.

அந்த மடிப்பைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன், தோழர்களே! "நாட்டில் ஆராய வேறு பொருளா இல்லை? வண்ணான் வேலையையா ஆராய்வது?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். அந்தச் சுளிப்பு எங்கிருந்து வந்தது என்பதே நமது ஆராய்ச்சி.

வேலையை முதலில் பார்ப்போம். சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்து, வடிகட்டி, நீர் விளாவி, துணியை முக்கிப் பிழிந்து உலர்த்த வேண்டும். முற்றும் காய்ந்துவிட்டால் நீர் தெளித்துச் சுருட்டி, ஈரம் சீராகப் பரவும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு தையலோடு தையலைப் பொருத்திப் பரப்பி, சிரட்டைக் கரிக் கங்கு கனலும் பெட்டியை அழுத்த வேண்டும். சூடு மிகுந்தால் துணி தீயும். குறைந்தால் மடிப்பு விழாது. கரிப்பெட்டியில் வெப்பமானி ஏது? அடித்தகட்டில் விழும் ஒரு துளி நீர் எழுப்பும் ஒலியே அளவு! தேய்த்து முடித்ததும் ஆறவிட வேண்டும். அவசரக் கை பட்டால் அத்தனையும் பாழ். நெருப்பருகே நின்று நாளெல்லாம் செய்யும் இந்தத் தொழிலை, அறிவு தேவைப்படாத வேலை என்று எவன் சொன்னானோ, அவன் ஒரு சட்டையையேனும் தேய்த்துப் பார்த்திருக்கமாட்டான்.

இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. பருத்தி இழை செல்லுலோசால் ஆனது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதன் மூலக்கூறுகளுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. ஈரம் ஆவியானதும், அழுத்தி வைத்த வடிவிலேயே மீண்டும் பிணைகின்றன. கஞ்சியின் மாவுப்பொருள் இழையின்மேல் மெல்லிய ஏடாகக் காய்ந்து விறைப்பைத் தருகிறது. மறுபடி ஈரம் பட்டால் மடிப்பின் ஆட்சி கவிழ்ந்தது!

வியர்வையும் ஈரம்தானே, தோழர்களே? ஓடுபவன், தூக்குபவன், வெயிலில் நின்று போக்குவரத்தை ஒழுங்கு செய்பவன் உடலில் பருத்தித் துணியின் மடிப்பு உச்சிவேளைவரை தாங்குமா? காலையில் அணிந்ததை மாலையிலும் மடிப்புக் குலையாமல் கழற்றுகிறவர், பெரும்பாலும் நிழலில் அமர்ந்திருந்தவர். (பாலியஸ்டர் கலந்த துணி வந்தபின் இந்தச் சாட்சியம் சற்றுக் கலங்கியிருக்கிறது, ஆயினும் அடியோடு பொய்த்துவிடவில்லை.) ஒருவன் குடிக்கும் கஞ்சி, இன்னொருவன் உடுக்கும் கஞ்சி. குடித்தவன் உழைக்கிறான்; உடுத்தவன் மேற்பார்வை பார்க்கிறான்!

காக்கி என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். 'காக்' என்றால் பாரசீகத்தில் புழுதி. 1846-ல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் வழிகாட்டிப் படையைத் திரட்டியபோது, புழுதியில் புரண்டாலும் தெரியக்கூடாது என்றே அந்த நிறத்தைத் தேர்ந்தார். அழுக்கோடு உறவாடப் பிறந்த உடையைக் கஞ்சியில் தோய்த்து, அழுக்கண்டாத அலங்காரப் பொருளாக்கியது பின்வந்த பதவிப் பகட்டு. அமெரிக்கத் தரைப்படையோ, 2005-ல் புகுத்திய போர்க்களச் சீருடைக்குக் கஞ்சியே கூடாது என்று விதி செய்தது. போருக்குப் போகிறவனுக்கு வேண்டாத விறைப்பு, கோப்பில் கையெழுத்திடுபவருக்கு வேண்டியிருக்கிறது!

"இல்லை, இல்லை! மடிப்பு ஒழுங்கின் அடையாளம். பொத்தானைக் கவனிக்காதவன் கடமையையா கவனிப்பான்?" என்பார்கள். இந்த வாதத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். இதில் உண்மை உண்டு. தன் உடையைத் தானே துவைத்து, தானே தேய்த்து, விடியுமுன் அணிவகுப்பில் நிற்கும் பயிற்சிக் காவலன் அந்த மடிப்பில் தன் பொறுப்பைக் காட்டுகிறான். அவன் மடிப்பு அவனுடையது. ஆனால், ஒழுங்கு என்பது கை மாற்றித் தரக்கூடிய பண்டமா? என் சட்டையைப் பிறனொருவன் தேய்த்தால், அதில் தெரிவது அவனுடைய ஒழுங்கல்லவா? பாராட்டு எனக்கும் கொப்புளம் அவனுக்கும் என்றால், எந்தத் தராசில் நிறுத்த நீதி அது?

கற்பனையாகக் கேட்கவில்லை. மக்களைக் காக்கத் தேர்வெழுதி, ஓடி, தாண்டி, பயிற்சி பெற்று வந்த காவலரை உயரதிகாரி வீட்டில் சட்டை தேய்க்கவும் காலணி துடைக்கவும் காய்கறி வாங்கவும் அமர்த்தும் 'ஆர்டர்லி' முறை, வெள்ளையன் விட்டுச்சென்ற எச்சம். 1979-லேயே தமிழக அரசு ஆணையிட்டு அதை ஒழித்தது. ஏட்டில் ஒழிந்தது, வீட்டில் ஒழியவில்லை! 2022 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம், நான்கு மாதங்களில் இந்த முறையை அடியோடு களைய வேண்டும் என்று அரசுக்கு உத்தரவிட நேர்ந்தது. இடையில் 43 ஆண்டுகள்! தேய்த்தவனும் காக்கி, தேய்க்கச் சொன்னவரும் காக்கி. ஒரே நிறத் துணிக்குள் ஆண்டானும் அடிமையும் குடியிருக்க முடியுமென்றால், சீருடை என்ற சொல்லில் 'சீர்' எங்கே இருக்கிறது?

ஆர்டர்லியேனும் மாதச் சம்பளம் பெற்றான். பிறப்பே ஆணையாகி, அந்த ஆணையை நீக்க நீதிமன்றமும் இல்லாதிருந்தவர்களை நினையுங்கள். வீரகேரளம்புதூர், ஊத்துமலை ஜமீனின் தலைநகராயிருந்த ஊர். சிற்றாற்றங்கரையில் அரண்மனை. இருதயாலய மருதப்பரின் ஆதரவில் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து மணந்ததை இலக்கிய வரலாறு எழுதி வைத்திருக்கிறது, எழுத வேண்டியதுதான். ஆனால், அரண்மனைகளின் பட்டையும் பருத்தியையும் ஆற்றுத் துறைகளில் அடித்துத் துவைத்து, வெள்ளாவி வைத்து வெளுத்துத் தந்தவன் பெயர் எந்த வரலாற்றின் எந்த ஏட்டில் இருக்கிறது? அவனுக்குக் கிடைத்தது மாலையில் வீடுதோறும் வாங்கிய ஊர்ச்சோறும், அறுவடைக் களத்தில் அள்ளி வைத்த நெல்லும்.

அவனினும் கீழே ஒருவனை வைத்தது நம் சமுதாயம்! தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஆடை வெளுத்த புதிரை வண்ணார் பற்றி 1932 டிசம்பர் 24-ஆம் நாள் 'இந்து' நாளேட்டில் வெளிவந்த செய்தியை, குடிமதிப்பு ஆணையராயிருந்த ஹட்டன் தம் நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார். வீரகேரளம்புதூரும் அடங்கியிருந்த அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்துச் செய்தி அது. கண்ணில் படுவதே தீட்டு என்று, பகலில் வெளிவர அவர்களுக்கு இடமில்லை; நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே வேலை செய்தார்கள். அழுக்கை நீக்கியவன் அழுக்கு. அழுக்கை உண்டாக்கியவன் தூய்மை! எந்தத் தருக்க நூலில் இந்த முடிவுக்கு வழி இருக்கிறது? 2009-ல் அவர்களுக்கென ஒரு நல வாரியம் அமைந்தது. 1932-லிருந்து 2009 வரை எத்தனை இரவுகள் என்று கணக்கிடும் வேலையை உங்களிடமே விடுகிறேன்.

இவ்வளவும் சொல்வதால், மடிப்பே கூடாது, கசங்கிய சட்டையே புரட்சி என்று நான் கூறுவதாகக் கொள்ள வேண்டாம். 1930 டிசம்பரில் இராமநாதபுரத்துச் சீமையில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தனர். ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தலாகாது. சட்டை, கோட்டு, பனியன் அணியலாகாது! அப்படித் தடுக்கப்பட்டவன் ஒருநாள் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு தேரோடும் வீதியில் நடந்தால், அவன் மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு முழக்கம். அம்பேத்கர் கசங்காத மேலாடையும் கழுத்துப்பட்டையுமாக நின்றதை ஆடம்பரம் என்று சொன்னவர்கள், அவர் எந்தத் தடையைக் காலால் மிதித்து வந்தார் என்பதை மறைத்துப் பேசினார்கள். மடிப்பு பெருமையா பகட்டா என்பதை, அணிந்தவன் எங்கிருந்து வந்தான் என்பதையும் தேய்த்தவன் யார் என்பதையும் கேட்ட பிறகே சொல்ல முடியும்.

கூலி கொடுத்துத் தேய்க்கச் சொல்வது தவறா? தவறில்லை. தச்சனுக்குக் கூலி, தையற்காரருக்குக் கூலி, தேய்ப்பவருக்கும் கூலி. பேசியதைக் குறையாமல் கொடுத்தால் போதும். தேய்ப்பவன் மகனும் தேய்க்கத்தான் வேண்டும் என்று பிறப்பு கட்டளையிடும்போதுதான் நெஞ்சு கொதிக்கிறது. 1953-ல் வந்த குலக்கல்வித் திட்டம் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று அதைத்தான் சட்டமாக்கப் பார்த்தது, 1954-ல் ஒழிந்தது. இன்று பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை வழியாகச் சலவைத் தொழிலாளருக்கு விலையில்லாமல் தேய்ப்புப் பெட்டி தரப்படுகிறது. பசித்த வயிற்றுக்கு அது உதவி, குறை கூறேன். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் கதிரவன் ஒளியால் இயங்கும் தேய்ப்பு வண்டியைப் படைத்து, 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார்; கரியும் புகையும் போகட்டும், மகிழ்வோம். ஆனால், புதிய வண்டியைத் தள்ளப் போகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதை இன்றைக்கே நம்மால் சொல்லிவிட முடிகிறதே, அது ஏன்?

பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நடை போய்வருவோம். ஏழை, செல்வன் என்ற வேற்றுமை தெரியக்கூடாது என்றுதானே பிள்ளைகளுக்குச் சீருடை வந்தது? அரசுப் பள்ளியில் துணியும் விலையில்லாமல் வருகிறது. துணி ஒன்றாயிற்று, துரத்தி வந்த வேற்றுமை மடிப்புக்குள் புகுந்துகொண்டது! ஒரு வீட்டில் மின்பெட்டி. இன்னொரு வீட்டில் செம்புக்குள் கங்கைப் போட்டுத் தேய்ப்பு. மற்றொரு வீட்டில் பாய்க்கடியில் இரவெல்லாம் மடித்து வைத்த சட்டை. பீடி சுற்றிவிட்டு நள்ளிரவில் துவைத்துப்போட்ட தாயின் மகள், காய்ந்தும் காயாத சட்டையோடு காலையில் வரிசையில் நிற்கிறாள். கசங்கலைக் கண்டு அவளை வரிசையைவிட்டு விலக்கி நிறுத்தும் ஆசிரியத் தோழர், அதற்கு முன் அவள் வீட்டில் தேய்ப்புப் பெட்டி இருக்கிறதா என்று கேட்கட்டும். அப்படியே, தம் சட்டையை இன்று காலை தேய்த்தது யார் என்பதையும் சொல்லட்டும்.