போகரின் ஃபார்முலா

பழனிக்குப் போய்விட்டு வருகிறவர்கள் ராக்காலச் சந்தனத்தைப் பொட்டலம் கட்டிப் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். ராத்திரி முழுக்க தண்டாயுதபாணி மேல் இருந்த சந்தனம். சிலை நவபாஷாணம், செய்தவர் போகர், அதில் பட்ட சந்தனம் தீராத நோயையும் தீர்க்கும் என்பது நம்பிக்கை. தீர்க்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பி.காம். என்னை யோசிக்க வைப்பது வேறு. கதைப்படி, போகர் ஃபார்முலாவை ஊருக்குச் சொல்லவில்லை. மருந்தை மட்டும் மலை மேல் பொதுவில் வைத்துவிட்டார்.

இன்றைய பேட்டண்ட் இதற்கு நேர் தலைகீழ். ஃபார்முலாவை ஊரறியச் சொல்லியாக வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மருந்தைத்தான் செய்யக் கூடாது, 20 வருஷத்துக்கு. இதில் எது தர்மம்?

அதே மலைத்தொடரில் மேலே ஏறினால் கொடைக்கானல். பைன் காட்டிலும் குணா குகைப் பக்கமும் எத்தனை ஷூட்டிங்! எடுத்ததெல்லாம் படத்தில் வராது. எடிட்டர் வேண்டாததை வெட்டி மிச்சத்தை ஒட்டுவார். நம் செல்லுக்குள்ளும் இதே கதைதான். ஜீனிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ. நகலில் தேவையில்லாத துண்டுகள் வெட்டப்பட்டு மிச்சம் ஒட்டப்படும். பெயர் ஸ்ப்ளைஸிங். ஃபிலிம் ஒட்டுவதற்கும் அதே வார்த்தைதான்.

எஸ்.எம்.ஏ. என்றொரு பரம்பரை நோய். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் முதுகுத்தண்டில் ஒவ்வொன்றாகச் சாகும். கடுமையான வகையில் குழந்தைக்குத் தலை நிற்காது, மூச்சு விடுவதே பாடு. எஸ்.எம்.என்.1 ஜீன் பழுதானதுதான் காரணம். இயற்கை ஒரு ஸ்டெப்னி வைத்திருக்கிறது, எஸ்.எம்.என்.2. ஆனால் அதில் ஓர் எழுத்து மாறிக் கிடப்பதால் எடிட்டர் ஏழாவது துண்டைப் பெரும்பாலும் வெட்டி எறிந்துவிடுகிறார். அப்புறம் படம் எங்கே ஓடும்?

இந்தியாவில் பிறந்த ரவீந்திர சிங், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் (அரசுப் பல்கலைக்கழகம், குறித்துக்கொள்ளுங்கள்) சகாக்களுடன் இதைக் குடைந்தார். ஏழாவது துண்டை அடுத்து வரும் 15 எழுத்துகள்தான் வில்லன், அதை மூடிவிட்டால் துண்டு தங்கிவிடும் என்று 2006-ல் வெளியிட்டார். அந்த இடத்தைக் குறிவைத்த நூசினெர்சென் ஊசிக்கு 2016 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அப்போது ஓர் ஊசி 1,25,000 டாலர். முதல் வருஷம் ஆறு ஊசி.

அதே ஏழாவது துண்டைக் காப்பாற்ற, வாயால் சாப்பிடும் மருந்து ரிஸ்டிப்ளாம். ரோஷ் கம்பெனியுடையது. இந்தியாவில் ஒரு பாட்டில் ஆறு லட்சத்துக்கு மேல் விற்றது. 20 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவருக்கு ஒரு பாட்டில் 12 நாள். வருஷத்துக்கு 30 பாட்டில். ஆயுசு முழுக்க. ஹைதராபாத் நாட்கோ அதையே தயாரிக்கக் கிளம்ப, ரோஷ் தடை கேட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் மறுத்தது, அக்டோபரில் அப்பீலிலும் மறுத்தது. சுப்ரீம் கோர்ட்டும் தலையிடவில்லை. நாட்கோ அறிவித்த விலை, பாட்டில் 15,900 ரூபாய்.

ரோஷை வில்லனாக்கிவிடுவது சுலபம். பரிசோதனையில் தோற்றுப்போன மருந்துகளின் செலவையும் ஜெயித்த மருந்துதான் சுமக்கணும். முதலை எடுக்க முடியாது என்றால் அடுத்த மருந்துக்கு எவன் பணம் போடுவான்? நியாயமான கேள்வி. ஆனால் எங்களுக்கு வகுப்பில் சொன்ன சந்தை விலை என்பது, வாங்குகிறவன் 'கட்டுப்படியாகலே, வேணாம்' என்று எழுந்துபோக முடிகிற இடத்தில் உருவாகிற விலை. தலை நிற்காத குழந்தையை மடியில் வைத்திருக்கிற அம்மா எங்கே எழுந்து போவாள்? அவள் கொடுக்கச் சம்மதிப்பதை விலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தவிர, யாருமே வாங்க முடியாத விலையில் எந்தக் கடைக்காரரும் முதலை எடுத்ததில்லை.

கணக்கை முடித்துவிடுகிறேன். 2021-ன் தேசிய அரிய நோய்கள் கொள்கைப்படி, 2022-ல் உயர்த்திய பிறகு, ஒரு நோயாளிக்கு அரசு உதவி அதிகபட்சம் 50 லட்சம். பழைய விலையில் அது எட்டு பாட்டில். நூறு நாள் தாண்டாது. புது விலையில் பத்து வருஷம் ஓடும். கொடைக்கானல் பக்கம், பூம்பாறையில் பூண்டு போடும் ஒருவர் வீட்டில் இப்படியொரு குழந்தை இருந்தால், அது தீர்ந்த பிறகு வருஷத்துக்கு 4,77,000 ரூபாயை அவர் எந்த விளைச்சலிலிருந்து எடுத்து வைப்பார்?