எரிப்பின் எச்சமும் மலநீக்கமும்

மாசு ஒரு பொருளோடு உடன்பிறந்ததா, இடையில் வந்து படிந்ததா, அல்லது அறியாமையால் இருப்பதுபோல் தோன்றுவது மட்டும்தானா என்னும் வினா இந்தியத் தத்துவ மரபுகளை வெவ்வேறு திசைகளில் பிரித்த வினாக்களுள் ஒன்றாகும். அதற்குத் தரப்படும் விடையைப் பொறுத்தே, மாசு நீங்க அறிவு மட்டும் போதுமா, செயலும் வேண்டுமா, புறத்திருந்து ஒருவர் துணைசெய்ய வேண்டுமா என்பவையும் முடிவாகின்றன. பழைய கார் எஞ்சின்களில் படிந்த கரியை நீர்த்திவலைகளைச் செலுத்தி நீக்கும் முறை பட்டறைக்கு உரிய சிறு நுட்பமே எனினும், மாசு எவ்வாறு உண்டாகிறது, எந்த நிலையில் விலகுகிறது என்பவற்றைக் கண்முன் காட்டுவதால், சைவ சித்தாந்தம் மலம் எனப்படும் உயிர்மாசின் நீக்கம் குறித்துக் கூறுவனவற்றை அதனோடு வைத்துப் பார்ப்பது பயனுடையது. அவ்வாறு பார்க்கும்போது இரண்டும் ஒவ்வாமல் விலகும் இடங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் இணைந்த சேர்மங்களின் கலவையாதலால், அது முற்றிலும் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமே எஞ்சவேண்டும். ஆனால் சிலிண்டருக்குள் எரிப்பு அவ்வளவு நிறைவாக நிகழ்வதில்லை. சுவரை ஒட்டிய குளிர்ந்த விளிம்பில் சுடர் அணைந்துவிடுவதாலும், பிஸ்டன் வளையங்களையும் வால்வுத் தண்டுகளையும் தாண்டிக் கசியும் எண்ணெய் அரைகுறையாகக் கருகுவதாலும், பிஸ்டனின் தலையிலும் சிலிண்டர் ஹெட்டின் உட்புறத்திலும் வால்வுகளின் முதுகிலும் கரிய படிவு ஏறுகிறது. உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர் காரில் பல்லாண்டுகள் இருந்த 1489 சி.சி. எஞ்சின் போன்ற கார்புரேட்டர் எஞ்சின்களில், ஹெட்டை இறக்கி இப்படிவைச் சுரண்டி எடுப்பதும் வால்வுகளைத் தேய்த்து அமர்த்துவதும் பட்டறைகளின் வழக்கமான வேலையாக இருந்தன. டீகார்பனைஸ் செய்வது என்று மெக்கானிக்குகள் அதனைக் குறிப்பிட்டனர்.

படிவு ஏற ஏற எரிப்பறையின் கொள்ளளவு சற்றே சுருங்கி அழுத்த விகிதம் உயர்கிறது. கரி வெப்பத்தை எளிதில் கடத்தாததால் அறையின் உட்பரப்பும் மேலும் சூடேறுகிறது. இவ்விரண்டும் சேர்ந்து, சுடர் வந்து சேர்வதற்கு முன்பே எரிபொருள் கலவையின் ஒரு பகுதி தானாக வெடிக்கும் நாக்கிங் என்னும் கோளாறு தோன்றுகிறது. இதனினும் சிந்தனைக்குரியது மற்றொரு நிகழ்ச்சி. கரி மிகுந்த பழைய எஞ்சினில் சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும், ஸ்பார்க் பிளக்கில் பொறி எழாத நிலையிலும், கார்புரேட்டர் வழியே வரும் கலவையைக் கனன்றுகொண்டிருக்கும் கரித்துணுக்கு ஒன்று பற்றவைக்க, எஞ்சின் சில நொடிகள் குலுங்கிக் குலுங்கி ஓடிக்கொண்டிருக்கும். அப்போது ஓட்டுநரின் விருப்பம் அங்கே இல்லை. முன்பு எரிந்ததன் எச்சமே அடுத்த எரிப்புக்குக் காரணமாகிறது. வினைக்கொள்கை கூறுவதை இத்தனை அருகில் காட்டும் இயற்பியல் நிகழ்ச்சி வேறொன்று கிடைப்பது அரிது. முன்செய்த வினைகளுள் இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த பகுதியைப் பிராரத்தம் என்றும், அதனை நுகரும்போதே புதிதாக ஏறும் வினையை ஆகாமியம் என்றும் சித்தாந்தம் வகுக்கிறது. பிராரத்தம் செய்தவனின் இன்றைய விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை. ஆகாமியம், எரிப்பினூடே ஏறும் கரியைப் போல, நுகர்ச்சியினூடேயே படிகிறது.

எஞ்சினுக்குள் நீரைச் செலுத்துவது புதிய எண்ணம் அன்று. இரண்டாம் உலகப் போர்க்காலப் போர்விமான எஞ்சின்களில் நாக்கிங்கைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த நீர்மம் பயன்பட்டது. 1962இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரிலும் அதற்கென ஒரு தொட்டி இருந்தது. கரி நீக்கும் முறையில் நோக்கம் வேறு. எஞ்சினை முழு வேலைச்சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆக்சிலரேட்டரைச் சற்று உயர்த்தி, ஓய்வு வேகத்தைவிட நன்கு மிகுந்த சுற்றில் ஓடவிட்டு, உட்கொள் குழாயின் வெற்றிட உறிஞ்சலில் நீரை நுண்திவலைகளாக இழுக்கவிடுவர். திவலை சூடான கரியின்மேல் பட்டதும் நொடிக்குள் ஆவியாகிறது; நீர் வளிமண்டல அழுத்தத்தில் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிவதோடு, கிலோவுக்கு 2,257 கிலோஜூல் வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. இத்திடீர்க் குளிர்ச்சியால் கரியும் அதன் அடியிலுள்ள உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்க, பற்று தளர்ந்து கரி செதில் செதிலாகப் பெயர்ந்து புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மிகு வெப்பத்தில் கரியோடு நீராவி வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆகும் வேதிமாற்றமும் உண்டு. ஆனால் எரிப்பறையின் சுவர்ப்பரப்பு அதற்கு வேண்டிய சூட்டை எட்டாததால், அதன் பங்கு சிறிதென்றே கொள்ளத்தகும்.

இங்கே அருள்நந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் எழுப்பிக்கொண்டு விடைதரும் ஒரு தடை நினைவுக்கு வருகிறது. உயிரின் அறிவை மறைப்பது ஆணவமலம். உடல், கருவிகள், உலகம் ஆகியவற்றுக்கு முதற்காரணமான மாயையும் மலங்களுள் ஒன்றே. அவ்வாறிருக்க, ஒரு மலத்தை மற்றொரு மலத்தால் இறைவன் நீக்குகிறான் என்பது எவ்வாறு பொருந்தும் என்பது தடை. வண்ணார் துணியின் அழுக்கைப் போக்கச் சாணத்தையும் உவர்மண்ணையும் அதன்மேல் ஏற்றி வெளுப்பது எடுத்துக்காட்டாகத் தரப்படுகிறது. ஏற்றப்பட்ட உவர்மண் துணியில் தங்குவதற்கு உரியதன்று. பழைய அழுக்கைத் தளர்த்தி, அதனோடு தானும் கழிந்துபோகிறது. நீர்த்திவலையின் நிலையும் அதுவே. நீர் எரிபொருள் அன்று. எஞ்சினுக்கு அது அயலானது, ஓரளவுக்கு ஊறு செய்வதும் கூட. எனினும் கரியைப் பெயர்த்து, கரியோடு சேர்ந்து வெளியேறிவிடுகிறது. நீரை அருளுக்கு உவமையாக்குவது பலருக்கு எளிதில் தோன்றக்கூடும். ஆயினும் சித்தாந்த நெறியில் நின்று பார்த்தால் நீர் மாயையின் இடத்திலும், அதனை அளந்து செலுத்துபவர் வண்ணாரின் இடத்திலும் நிற்பதே பொருத்தம்.

கரி விலகுவதற்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே இம்முறையில் மிகவும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. குளிர்ந்து நிற்கும் எஞ்சினில் நீரை ஊற்றினால் கரி அசையாது. சிலிண்டர் துருப்பிடிப்பதே மிஞ்சும். எந்தச் சூடு கரியை உண்டாக்கியதோ அந்தச் சூடே திவலையை வெடித்து விரியச் செய்கிறது. செயலால் மாசு வருகிறது, ஆகவே செயலை நிறுத்தினால் மாசு நீங்கும் என்னும் எளிய முடிவு இங்கே பொய்க்கிறது. நிறுத்தினால் புதிய மாசு வராது என்பது உண்மையாயினும், ஏறியது ஏறியபடியே இருக்கும். அத்வைத வேதாந்தம் கட்டுக்குக் காரணம் அவித்தை என்னும் அறியாமை என்றும், அது மெய்யறிவால் அகல்வது என்றும் கொண்டு, கருமங்களை உள்ளத்தூய்மைக்குத் துணை என்ற அளவில் நிறுத்துகிறது. ஆணவத்தைச் சித்தாந்தம் உள்பொருள் என்றே கொள்வதால், அதன் ஆற்றல் தளர்வதற்கு நுகர்ச்சியும் காலமும் முதிர்வும் வேண்டும் என்கிறது. அம்முதிர்வுக்கு மலபரிபாகம் என்று பெயர். கரி இருப்பதை அறிந்த மெக்கானிக்கின் அறிவு கரியை நீக்கிவிடாது என்பதால் அத்வைதம் தோற்றதாகக் கொள்வது பிழை; அத்வைதி கரியை உவமையாகவே ஏற்கமாட்டார். மாசு உள்பொருள் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அதன் நீக்கமும் காலத்தில் நிகழும் ஒரு செயலாகவே இருந்தாக வேண்டும் என்ற அளவில் சித்தாந்தத்தின் உறுதி விளங்குகிறது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீர் அழுத்தத்துக்கு உட்பட்டுச் சுருங்காது. திவலைக்குப் பதிலாக நீர் திரளாகச் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டால், மேலெழும் பிஸ்டன் அதன்மேல் மோதி நிற்க, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தூய்மை செய்ய வந்ததே எஞ்சினை முடித்துவிடும். திருவருள் உயிரில் பதிவதைச் சத்திநிபாதம் என்று வழங்கும் சித்தாந்தம், அதனை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்கு நிலைகளாக வகுத்து, உயிரின் பக்குவத்துக்கு ஏற்பவே அது நிகழும் என்று கூறுகிறது. முற்றும் வல்ல இறைவன் ஒரே கணத்தில் எல்லா உயிர்களின் மலத்தையும் ஏன் நீக்கிவிடவில்லை என்று கேட்பவர்க்கு, இறைவனின் ஆற்றல் குறைவன்று, ஏற்கும் உயிரின் நிலையே அளவை விதிக்கிறது என்பது அந்நெறியின் விடை. துன்பத்தில் கிடந்து இக்கேள்வியைக் கேட்பவருக்கு அவ்விடை உடனே ஆறுதல் தந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி ஒவ்வாத இடம். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் எஞ்சினில் கரி இல்லை. கரிக்கு ஒரு தொடக்கம் உண்டு. ஆணவத்துக்கோ தொடக்கம் இல்லை. செம்பில் களிம்பு போல அது உயிரோடு என்றும் உடனிருப்பது என்பதால் சகசமலம் எனப்படுகிறது. மாயையும், வினையாகிய கன்மமும் இடையில் வந்து சேர்பவை என்ற பொருளில் ஆகந்துகம் எனப்படுகின்றன. ஆகவே கரிக்கு நேரானது கன்மமே அன்றி ஆணவம் அன்று. எஞ்சினில் ஆணவத்துக்கு ஒப்பானதைத் தேடினால், எந்த எரிப்பும் முழுமை பெறாத அந்தக் குறைபாட்டையே சுட்ட வேண்டியிருக்கும். அதனை எந்தத் திவலையும் கழுவ இயலாது. கரி நீங்கிய எஞ்சினில் அடுத்த ஓட்டத்திலேயே மெல்லிய படிவு மீண்டும் தொடங்குவதும், வளையங்களின் பள்ளங்களில் இறுகிய கரியைத் திவலை பெரும்பாலும் எட்டாதிருப்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கன. ஆணவம் முத்தியிலும் அழிவதில்லை, அதன் ஆற்றல் மட்டுமே அடங்குகிறது என்றும், ஞானம் கைவந்த பின்னும் பழக்கத்தின் எச்சமாகிய வாசனாமலம் தாக்காதிருக்க ஐந்தெழுத்தை இடைவிடாது ஓதவேண்டும் என்றும் சித்தாந்தம் வற்புறுத்துவதற்கு இத்தகைய கூர்ந்த நோக்கே அடிப்படை.

ஹெட்டை இறக்கிப் பார்க்கும் மெக்கானிக்குகள் அறிந்த ஓர் அடையாளம் உண்டு. நான்கு பிஸ்டன்களில் மூன்று கரிபடிந்து கறுத்திருக்க, ஒன்று மட்டும் புதிதுபோல் பளபளத்தால், அந்தச் சிலிண்டரில் ஹெட் கேஸ்கெட் கிழிந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிந்துகொண்டிருந்தது என்று பொருள். கசிந்த நீர் ஒவ்வொரு சுற்றிலும் ஆவியாகிக் கரியைக் கழுவியிருக்கிறது. இறைவன் வினைப்பயனாகத் தரும் துன்பத்தை மறக்கருணை என்று சைவம் போற்றுவதால், இக்கசிவையும் அதற்கு உவமையாக்க மனம் விரையலாம். ஆனால் மறக்கருணை என்பது பக்குவம் அறிந்து அளந்து தருபவன் ஒருவனை உடையது. கசிவுக்கு அளப்பவர் இல்லை. தூய்மை தந்தது என்பதாலேயே ஒரு துன்பம் அருளாகிவிடாது. அந்தப் பளபளக்கும் பிஸ்டன் உள்ள எஞ்சின் சூடேறி நிற்கிறது, இழுவை குன்றுகிறது. நான்கனுள் மிகத் தூய சிலிண்டரே மிக நலிந்த சிலிண்டராக இருக்கிறது. தூய்மை மட்டும் நிறைவாகாது என்பதைச் சித்தாந்தமும் தெளிவாக்குகிறது. சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் 1313ஆம் ஆண்டில் இயற்றிய சங்கற்ப நிராகரணம் மறுக்கும் கொள்கைகளுள் பாடாணவாத சைவமும் ஒன்று. உயிர் இன்பம் எதுவும் நுகராமல் கல்லைப்போல் கிடப்பதே முத்தி என்பது அக்கொள்கையினரின் துணிபு. அதனை மறுக்கும் சித்தாந்தம் பாசநீக்கத்தையும் சிவப்பேற்றையும் வேறுபடுத்தி, முன்னது மட்டும் முத்தியாகாது, பாசம் நீங்கிய உயிர் சிவானந்தத்தை நுகர்வதும் வேண்டும் என்கிறது. கரி அகன்ற எஞ்சினின் பயனும் அகன்ற இடத்தின் பளபளப்பில் இல்லை, அது மீண்டும் சுமை இழுத்து மேடு ஏறுவதில் உள்ளது.