பரவாயில்லை

பதினைந்து வருடங்களுக்கு முன், வாடிக்கையாளர் ஒருவரின் சர்வரில் என் அறிக்கை நிரல் ஓடிக்கொண்டிருந்தது. பகல் நேரம். மற்றவர்களின் வேலை தடைபட வேண்டாமே என்று அதன் 'நைஸ்' எண்ணை 19 ஆக்கினேன். யூனிக்ஸ் குடும்பத்தில் நைஸ் என்பது ஒரு சிஸ்டம் கால். ஒரு நிரல் பிறருக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதைக் கெர்னலிடம் அதன் வழியாகச் சொல்லலாம். லினக்ஸில் அந்த எண் -20 முதல் 19 வரை, வழக்கமாக 0. பூஜ்ஜியத்தில் இருக்கும் நிரலோடு ஒரே சிபியுவுக்குப் போட்டியிட்டால், 19இல் இருப்பதற்குக் கிடைப்பது ஏறக்குறைய எழுபதில் ஒரு பங்கு. அவ்வளவு நல்ல பிள்ளை.

மாலையில் அறிக்கை அவசரமாகத் தேவைப்பட்டது. எண்ணை 0க்குத் திருப்பப் பார்த்தேன். 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தது. கூட்டுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. குறைப்பதற்கு, நானே கூட்டியதைக் குறைப்பதற்கும்கூட, ரூட் அனுமதி வேண்டும். (இதற்கு ஒரு தளர்வு உண்டு. அதையும் நிர்வாகிதான் தர வேண்டும்.)

அநியாயமாகப் பட்டது. பிறகு யோசித்தால் காரணம் புரிந்தது. ஒரு நிரலை நிர்வாகியே 19க்குத் தள்ளியிருக்கலாம். தானாக இறங்கியதா, இறக்கப்பட்டதா என்று கெர்னல் குறித்துவைப்பதில்லை. அதனிடம் இருப்பது எண் மட்டும்.

கெர்னலை விடுங்கள், எனக்கே தெரியுமா? இங்கே வந்த புதிதில், மீட்டிங்கில் நான் வாயெடுக்கும்போது யாராவது குறுக்கிட்டால், 'பரவாயில்லை, நீங்கள் சொல்லுங்கள்' என்று ஒதுங்குவேன். பண்பு என்றுதான் நினைத்தேன். வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். ஆனால் வேலை போனால் விசாவும் போகும் என்ற பயம் அதில் எவ்வளவு கலந்திருந்தது என்று இன்று பிரித்தெடுக்க முடியவில்லை. நிரந்தரக் குடியுரிமை கிடைத்த பிறகும் அப்படியேதான் ஒதுங்கினேன். ஆகவே பண்புதான் என்று வாதாடலாம். பழகிப்போன பயம் என்றும் வாதாடலாம். மறுக்க முடிகிறவன் ஒதுங்குவதை விட்டுக்கொடுத்தல் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மற்றதற்கு என்ன பெயர்?

ஒரு நிரல் ஃபோர்க் செய்து பிள்ளை நிரலை உருவாக்கும்போது, நைஸ் எண்ணும் அப்படியே பிள்ளைக்குப் போய்விடும்.

போன மாதம் மகளின் வகுப்பில் ஒரு குழு வேலை. ஸ்லைடு எல்லாம் செய்தது இவள். வகுப்பின் முன் பேசியது வேறொரு பெண். ஏன் விட்டாய் என்று கேட்டேன். வீட்டிலும் ஆங்கிலமே பேசுகிறவள், "பரவால்லப்பா" என்றாள்.

"நீயா வேண்டாம்னு விட்டியா, கேக்க முடியாம விட்டியா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"தெரியலப்பா."